ஜெர்மனிக்கு அனுப்பின டவல் சுங்கத்துல நிக்குது, வந்த பணத்துக்கு பேங்குல ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்துல போடற பேப்பர்) கேக்கறாங்க. வழி சொல்லுங்க

வெங்கமேடு தறி:

வணக்கமுங்க. கரூர்ல ஆறு பவர்லூமும் நாலு தையல் மெசினும் வெச்சிருக்கோம். பதினோரு வருஷமா எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கூலிக்குத்தான் ஓட்டிட்டு இருக்கோம். என் பொண்ணு எங்க கிச்சன் டவலைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போட்டா. ஜெர்மனியில சின்னதா ஒரு கடை வெச்சிருக்கற அம்மா அதைப் பாத்துட்டு 120 பீஸ் கேட்டாங்க. பீஸ் 4 யூரோ, கொரியர் கூலி 90. மொத்தம் 570 யூரோவும் முன்னாடியே அனுப்பிட்டாங்க. எங்க சொந்தப் பேர்ல வெளிநாட்டுல இருந்து வந்த முதல் பணம் இதுதானுங்க.

பத்தரைக் கிலோ பொட்டலம். இங்க ஒரு கொரியர் ஏஜென்ட்டுகிட்டக் குடுத்தோம். "ஏற்றுமதிக்கான ஐஇசி நம்பர் எல்லாம் வேண்டாங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னார். இப்ப பில்லை எடுத்துப் பாத்தா "கிஃப்ட், 25 டாலர்"னு போட்டிருக்கு. அங்க சுங்கத்துல பிடிச்சு வெச்சுட்டு அந்தம்மாகிட்ட இன்வாய்ஸும் பணம் கட்டின அத்தாட்சியும் கேக்கறாங்களாம். வரி வேற கட்டணும்னதும் "இதை நீங்க சொல்லவே இல்லையே"ங்கறாங்க.

இந்தப் பக்கம் பேங்குல ஐஇசி நம்பரும் ஷிப்பிங் பில்லும் கேக்கறாங்க. ரெண்டும் எங்ககிட்ட இல்லை. நொம்ப வெசனமா இருக்குதுங்க. ஜிஎஸ்டி மட்டும் இருக்கு. யாராவது சொல்லுங்க.

பழைய மெர்ச்சண்டைசர்:

அம்மணி, முதல்ல ஒண்ணு. பேங்குக்காரங்க கேக்கறாங்கன்னு யார்கிட்டயாவது போய் ஒரு பில்லைத் தயார் பண்ணி வாங்கிடாதீங்க. அப்படிச் செஞ்சு குடுக்கறவங்க இருக்காங்க, நானும் பாத்திருக்கேன். இன்னைக்கு உங்க மேல இருக்கறது தெரியாம நடந்த தப்பு. அந்தப் பில்லை வாங்கிட்டா அது தெரிஞ்சே செஞ்ச தப்பாயிரும்.

நடந்தது என்னன்னு சொல்றேன். கொரியர்ல பொருள் வெளிநாடு போக ரெண்டு படிவம் இருக்கு. சாம்பிள், அன்பளிப்புக்கு சிஎஸ்பி-4. விலைக்கு வித்த சரக்குக்கு சிஎஸ்பி-5. ஐந்துக்கு ஐஇசி வேணும், பேங்கோட ஏடி கோட் (வெளிநாட்டுப் பணம் கையாளற பேங்கோட அடையாள எண்) வேணும், ஜிஎஸ்டி வேணும். இந்தப் பேப்பரெல்லாம் கேட்டா வாடிக்கையாளர் ஓடிருவாங்கன்னு ஏஜென்ட் நாலுல தள்ளிவிட்டிருக்கார். நாலுல போன சரக்குக்கு எதுத்தாப்புல பணம் வந்தா பேங்கு எதோட கோத்துக் காட்டும்? அதான் கேக்கறாங்க.

அங்க பிடிச்சதும் நியாயம்தான். ஒரே அளவு, ஒரே டிசைன், லேபிள் வெச்சுத் தெச்ச 120 டவலை எந்த அதிகாரியும் அன்பளிப்புன்னு நம்பமாட்டார்.

ஒரு கேள்வி: பணம் வந்தப்ப, அது எதுக்குன்னு சொல்ற பர்பஸ் கோட் பேங்குல என்ன போட்டீங்க?

வெங்கமேடு தறி:

பி0103-ன்னு போட்டாங்கண்ணா. அவங்களே சொல்லித்தான் போட்டோம். 570 வரவேண்டியதுல 548-தான் வந்துச்சு, அது ஏன்னும் தெரியலை.

பழைய மெர்ச்சண்டைசர்:

நல்லதாப் போச்சு. பி0103-ன்னா ஏற்றுமதிக்கு வந்த முன்பணம். சரக்கு இனிமே போகப்போகுதுன்னு அர்த்தம். அதனால இந்தப் பணத்துக்கு முறையா ஒரு சரக்கை அனுப்பி, அந்தப் பில்லைக் குடுத்துக் கணக்கை நேர் பண்ண வழி இருக்கு. நிக்கிற பொட்டலத்தை இதோட சேத்துக் குழப்பாதீங்க. அந்தம்மா "வாங்கமாட்டேன்"னு எழுதிக் குடுக்கட்டும், திரும்பி வரட்டும். திருப்பற கூலி சரக்கு விலையைத் தாண்டுமான்னு கொரியர்ல முதல்லயே கேட்டுக்கங்க. தாண்டுச்சுன்னா அங்கயே கைவிடறதும் ஒரு வழிதான். வயிறு எரியும், தெரியும். ஆனா 120 பீஸ் உங்க தறிக்கு ரெண்டு நாள் ஓட்டம்.

22 யூரோ நடுவுல இருக்கற பேங்குகள் எடுத்தது. அனுப்பறவங்க "ஓயுஆர்"னு போட்டா செலவு அவங்களோடது, "எஸ்எச்ஏ"ன்னா ரெண்டு பக்கமும் பிரியும். அடுத்த இன்வாய்ஸ்ல இதை ஒரு வரி எழுதிருங்க.

ஈரோடு கணக்கர்:

அண்ணன் சொல்றதுல எனக்கு ஒரு இடத்துல மாற்றுக் கருத்து. பேங்குகிட்ட பழைய பொட்டலத்தைப் பத்திப் பேசாம இருக்கறது சரியில்லைங்க. "இப்படி ஏஜென்ட் மூலமா தவறா அறிவிச்சுப் போயிருச்சு, திரும்பி வருது, இந்த முன்பணத்துக்குப் புதுசா சரக்கு அனுப்பறோம்"னு ஒரு லெட்டர் குடுத்து, நகல்ல சீல் வாங்கி வெச்சுக்கங்க. மூணு வருஷம் கழிச்சு யாராவது கேட்டா அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்து வேலை வரிசை. ஐஇசி: டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத்தைப் பாக்கற மத்திய அரசு அலுவலகம்) தளத்துல 500 ரூபாய் கட்டினா வீட்ல இருந்தே எடுக்கலாம். பான் நம்பரேதான் ஐஇசி நம்பர். நடுவுல ஆள் வெச்சு ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள உள்ள போய்ப் புதுப்பிக்கணும், மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னாலும். விட்டா நம்பர் முடங்கிரும். நம்ம பக்கத்துல நெறையப் பேர் சரக்கு போற அன்னைக்குத்தான் இதைக் கண்டுபிடிக்கறாங்க.

அப்புறம் எல்யுடி, அதாவது ஏற்றுமதிக்கான உறுதிமொழிக் கடிதம். ஜிஎஸ்டி தளத்துல ஆர்எஃப்டி-11 படிவம். அதைப் போட்டா வரி கட்டாமயே ஏற்றுமதி பண்ணலாம். நிதியாண்டுக்கு ஒரு தடவை போடணும். சரக்கு போன பின்னாடி ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்குல 6ஏ அட்டவணையில ஷிப்பிங் பில் நம்பரோட ஏத்தணும். உங்க முதல் பொட்டலத்துக்கு அந்த நம்பரே இல்லையே, அதனால அதை ஏற்றுமதின்னு காட்ட முடியாது. உங்க ஆடிட்டர்கிட்ட இதைத் தனியாச் சொல்லிருங்க.

சென்னிமலை பெட்ஷீட்:

அக்கா, நான் தபால் ஆபீஸ் வழியாத்தான் அனுப்பறேன். 2022-ல இருந்து டாக் கர் நிர்யாத் கேந்திரான்னு தபால் ஆபீஸ் ஏற்றுமதி மையம் வெச்சிருக்காங்க. ஆன்லைன்லயே போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் போட்டுட்டு, லேபிள் எடுத்து ஒட்டிக் கொண்டுபோய்க் குடுத்தாப் போதும். விலைக்கு வித்த சரக்குன்னே முறையாப் போகுது. தனியார் கொரியரை விட நாள் கூடுதலாகும், ஆனா கூலி குறையுது. அவசரமில்லாத கடைக்காரங்களுக்கு இது போதும்.

எச்எஸ் கோட்ல, அதாவது சரக்கு என்ன வகைன்னு சுங்கத்துக்குக் காட்டற எண்ல, கவனமா இருங்க. நான் பெட்ஷீட்டையும் பெட்ஸ்ப்ரெட்டையும் ஒண்ணுன்னு நெனச்சுப் போட்டுட்டேன். விரிச்சுப் படுக்கற பெட்ஷீட் 6302, மேல அலங்காரத்துக்குப் போடற பெட்ஸ்ப்ரெட் 6304. வரி விகிதம் மாறிப்போய் வாங்கினவர் கூப்பிட்டுக் கேட்டார். உங்க கிச்சன் டவல் 6302-தான். முதல் ஆறு எண் எல்லா நாட்டுக்கும் ஒண்ணு, அதுக்கப்புறம் நாட்டுக்கு நாடு மாறும்.

வெங்கமேடு தறி:

நல்லா இருப்பீங்க எல்லாரும். அந்தம்மாகிட்ட வரி விஷயத்தை எப்படிச் சொல்றதுங்க? ஏமாத்திட்டோம்னு நெனச்சுட்டாங்களோன்னுதான் ராத்திரி தூக்கம் வரலை.

பழைய மெர்ச்சண்டைசர்:

உள்ளதை அப்படியே எழுதுங்க கண்ணு. "எங்க ஏஜென்ட் தப்பா அறிவிச்சுட்டார், எங்களுக்கும் இது முதல் தடவை, சரியான பேப்பரோட புதுசா அனுப்பறோம், இதுக்கு மேல உங்களுக்கு இவ்வளவு செலவு வரும்"னு. கணக்கைப் போட்டே காட்டுங்க. ஜெர்மனியில இறக்குமதி வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி வரி) 19 சதவீதம். சரக்கு 480, கூலி 90, அது ரெண்டுக்கு மட்டும் 108 யூரோ ஆகுது. சுங்க வரி இருந்தா அதுவும் சேரும், அதையும் கூட்டித்தான் வாட் போடுவாங்க. கொரியர்காரர் கையாளற கட்டணம் தனி. கடைக்காரர் வரிப் பதிவு செஞ்சவங்கன்னா அந்த வாட்டைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்குவாங்க. அதனால அவங்களுக்கு அது அவ்வளவு பெரிய பாரமில்லை. சொல்லாம விட்டதுதான் கோபம்.

இன்வாய்ஸ்லயே "டிஏபி"ன்னு போடுங்க. வரி வாங்கறவங்க பொறுப்பு, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு. "டிடிபி"ன்னா அந்த ஊர் வரியையும் நாமே கட்டணும். வெளிநாட்டு வரி கைவசப்படற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க.

வரி எவ்வளவுன்னு யாரையும் நம்பி எழுத வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் நடத்தற ஆக்ஸஸ் 2 மார்க்கெட்ஸ் தளத்துல எச்எஸ் கோட், அனுப்பற நாடு, போற நாடு மூணும் போட்டா அன்னைக்குத் தேதிக்கு உள்ளது வரும். ஜெனிவாவுல இருக்கற ஐடிசிங்கற சர்வதேச வர்த்தக மையத்தோட மார்க்கெட் ஆக்ஸஸ் மேப்பும் அப்படித்தான், வேற நாடுகளுக்கும் பாக்கலாம். நெதர்லாந்து அரசாங்கத்தோட சிபிஐ (வளரும் நாட்டு இறக்குமதியை ஊக்குவிக்கற மையம்), நம்ம மாதிரி நாட்டுச் சின்ன உற்பத்தியாளர்களுக்குன்னே வீட்டு ஜவுளி பத்தி அறிக்கை எழுதிப் போடறாங்க. எல்லாமே இலவசம். நான் வேலைக்குச் சேந்த காலத்துல இந்த விவரமெல்லாம் பெரிய கம்பெனி மேனேஜர் மேசையில மட்டும்தான் இருந்துச்சு. உங்க பொண்ணைப் படிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். உங்க சாயப்பட்டறையில ஏசோ சாயத்துக்கான சோதனை ரிப்போர்ட் கேட்டு வாங்குங்க, அதே லாட் நூலுக்கு. அந்தச் சாயத்துல இருந்து வர்ற, ஐரோப்பாவுல தடை செஞ்ச 22 அமீன் ரசாயனங்கள்ல எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. கூலிக்கு ஓட்டறப்ப கம்பெனி பாத்துக்கிச்சு. இப்ப கம்பெனி நீங்கதான். மத்திய அரசோட டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி லேப்ல குடுத்தே சோதிச்சுக்கலாம். லேபிள்ல நூல் வகை, உங்க பேர், முகவரி, அங்க இறக்குமதி பண்ற கடையோட பேர், முகவரி இருக்கணும். 2024 டிசம்பர் 13-ல இருந்து ஐரோப்பாவுல பாதுகாப்பு விதி இறுகியிருக்கு. கடைக்கு விக்கறப்ப அந்தக் கடையே இறக்குமதியாளரா நிக்கும். நேரா வீடுகளுக்கு விக்கணும்னா அங்க பொறுப்பேத்துக்க ஒரு ஆள் வேணும்.

வெங்கமேடு தறி (பத்து நாள் கழிச்சு):

ஐஇசி வந்துருச்சுங்க. பேங்குல லெட்டர் குடுத்தோம், மேனேஜர் படிச்சுட்டு "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னார், நகல்ல சீல் போட்டுத் தந்தார். ஏடி கோட் லெட்டரும் வாங்கியாச்சு. பொட்டலம் திரும்பறதுக்குக் கேட்ட கூலி சரக்கு விலைக்கு மேல போனதால கைவிட்டுட்டோம். அந்தம்மா கணக்கைப் பாத்துட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை"ன்னு எழுதியிருந்தாங்க. புதுப் பாவு ஏத்தியாச்சு, சாயப்பட்டறை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கோம்.

அவங்க சிநேகிதி ஒருத்தர் 3,000 பீஸ் கேக்கறாங்க. ஆனா சரக்கு சேந்து 60 நாள் கழிச்சுத்தான் பணமாம். ஒத்துக்கலாமுங்களா?

பழைய மெர்ச்சண்டைசர்:

இப்ப வேண்டாம் அம்மணி. நூல்காரருக்கு நீங்க அத்தனை நாள் கடன் சொல்ல முடியாது. 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏறின பேப்பர் நகலைப் பாத்து அனுப்பணும், இப்படிக் கேளுங்க. முடியாதுன்னா 500 பீஸ்ல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க. கடன் குடுத்தே ஆகணும்னு வந்தா அதுக்கு முன்னாடி இசிஜிசியில பேசுங்க. 1957-ல இருந்து இருக்கற அரசு நிறுவனம், வாங்கினவர் பணம் குடுக்கலைன்னா இழப்புல பெரும்பங்கைக் குடுக்கற காப்பீடு, சின்ன ஏற்றுமதியாளருக்குன்னு தனித் திட்டமும் வெச்சிருக்காங்க. அந்தச் சிநேகிதியோட கம்பெனிப் பேர், முகவரியை வாங்கி வைங்க. காப்பீடு தர்றதுக்கு முன்னாடி அவங்க அதைத்தான் விசாரிப்பாங்க.

வெங்கமேடு தறி:

சரிங்கண்ணா. 500-ன்னே கேட்டு இன்னைக்குப் பொழுதோட எழுதிடறோம்.