புதுப்பிப்பு: போன் கேமை ரிவியில் ஆடும் பெட்டி

சந்தா கட்டி போன் கேம்களை ரிவியில் ஆடும் பெட்டி வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்: ரிவியில் இணைக்கும் ஆப்பிள் ரிவி என்ற பெட்டி, அதில் ஆப்பிள் ஆர்கேட் என்ற கேம் சந்தா. ஒரே சந்தாவை வீட்டில் ஆறு பேர் வரை பகிரலாம். விளம்பரம் இல்லை, விளையாட்டின் நடுவே காசு கேட்பதும் இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. கேம் பெட்டியிலேயே இறங்கிவிடுகிறது. கோண்டாவிலில் மழைக்கு இணையம் தடுமாறினாலும் பல கேம்கள் ஓடுகின்றன.

ஆனால் போனில் உள்ள எல்லாமே ரிவிக்கு வராது. தொடுதிரைக்குச் செய்ததை ரிமோட்டால் ஆடுவதும் கஷ்டம். மருமகனின் பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் புளூடூத்தில் உடனே பொருந்தியது, சரி, அந்தச் செலவு மிச்சம்.

நண்பர் சொன்ன ஊயா என்ற பழைய ஆண்ட்ராய்டு கேம் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். கேம்களை இறக்கும் அதன் இணையக் கடை 2019 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது.