மாக்ஸா சூடு (மூலிகையைக் கொளுத்தி உடம்பில் சூடு காட்டும் சீன வைத்தியம்): வைத்துக்கொண்டவர்கள் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்

வூஹான்_மாணவன்:
வூஹானில் எம்பிபிஎஸ் படித்தபோது சீன மருத்துவமும் ஒரு பாடம். ஊசி குத்தப்போகிறார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன், ஆசிரியை கையில் எடுத்ததோ நம்ம ஊர்ச் சுருட்டு மாதிரி ஒன்று. உள்ளே ஒரு மூலிகை, சீனத்தில் 'ஐ' என்கிறார்கள். நம்ம மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே பேரினம். இலையைக் காயவைத்து இடித்து நார் மாதிரி, பஞ்சு மாதிரி ஆக்கிச் சுருட்டுகிறார்கள், பழைய சரக்குக்குத்தான் மதிப்பு, மூன்று வருஷம் கிடந்ததைத் தேடி வாங்குகிறார்கள். அதே ஹூபே மாகாணத்தில் இருக்கும் சீச்சுன் இலைக்குத் தனிப் பெயர். பழைய மூலிகை வைத்தியர் லீ ஷிச்சன் பிறந்த ஊரும் அதுதான்.

ஊசியையும் சூட்டையும் அங்கே 'ஜென்ஜியூ' என்று ஒரே வார்த்தையாகச் சொல்வார்கள், நாம் என்னவோ ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அன்று எனக்கு வைத்த இடம் முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே, வெளிப்பக்கம். தோலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, குருவி கொத்துகிற மாதிரி கிட்டே கொண்டுவந்து கொண்டுவந்து எடுப்பார்கள், அந்த முறைக்குப் பெயரே குருவிக் கொத்துதான். கால் மணி நேரத்தில் குளிர்கால விறைப்பு போய்த் தூக்கம் வந்துவிட்டது. வயிற்றுக் கோளாறுக்கு நல்லது என்றார்கள், அது எனக்குத் தெரிந்த வரை ஒன்றும் மாறவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன், அந்தப் புகை அச்சு அசல் கஞ்சா வாடை. ஹாஸ்டலில் கொளுத்திப் பார்க்காதீர்கள்.

தோபாயோ_அக்கா:
தம்பி, அந்த வாடைக்கு எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) மாடியே கதவைத் தட்டியது 😄 எனக்குத் தோள்பட்டை பிடிப்பு. இஞ்சியை வட்டமாக நறுக்கி, ஊசியால் ஓட்டை போட்டு, அதன் மேல் அந்த மூலிகைப் பஞ்சு உருண்டையை வைத்துக் கொளுத்தினார் சீன வைத்தியர். இதமாகத்தான் இருந்தது, ஒத்தடம் போலத்தான், இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் வலி திரும்பிவிடும்.

ஆனால் அப்பாவைக் கூட்டிப்போனது என் தப்பு. அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை, பாதம் மரத்துப்போனவர். "சூடாக இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டான். அப்பா எப்படிச் சொல்வார்? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். ஆற ஆறு வாரம் ஆனது. சர்க்கரை இருக்கிறதா என்று அங்கே ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காத இடத்தில் காலை நீட்டாதீர்கள்.

கேஎல்_மாப்பிள்ளை:
என் மனைவிக்கு 34ஆம் வாரம் குழந்தை தலை மேலே இருந்தது. மாமியார் வீட்டுப் பக்கத்துச் சீனப் பாட்டி, காலின் சுண்டுவிரல் நக ஓரத்தில் சூடு காட்டச் சொன்னார். தேடிப் பார்த்தால் நிஜமாகவே ஆய்வு இருக்கிறது. 1998இல் வெளியானது, சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் 260 தலைப்பிரசவப் பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்தது, சூடு வைத்தவர்களில் 98 பேருக்கு 35ஆம் வாரத்தில் தலை கீழே திரும்பியிருந்தது, வைக்காதவர்களில் 62 பேருக்கு. சும்மா இருந்தாலே கிட்டத்தட்டப் பாதி திரும்பிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். டாக்டரிடம் கேட்டோம், ஜாக்கிரதையாகச் செய்யுங்கள் என்றார். தினமும் ராத்திரி பால்கனியில் நாற்காலி போட்டு நான்தான் பிடித்தேன். எங்கள் மகள் திரும்பவில்லை. சிசேரியன்தான். ஆனாலும் அந்தப் பத்து ராத்திரி நாங்கள் பேசினதுபோல அப்புறம் பேசவே நேரம் கிடைக்கவில்லை.

வூஹான்_மாணவன்:
அக்கா, மரத்துப்போன காலுக்கு எங்கள் ஆசிரியை தன் இரண்டு விரலை நோயாளியின் தோலில் வைத்துக்கொண்டுதான் சுருட்டைப் பிடிப்பார், சூடு அவருக்குத் தெரிய வேண்டும் என்று. உங்கள் அப்பாவுக்கு அதைக்கூடச் செய்யவில்லையே.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. முடிந்ததும் ஊதி அணைக்க முடியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அரிசியோ மணலோ போட்ட ஜாடியில் தலைகீழாகச் செருகி வையுங்கள். நான் கொண்டுவந்ததில் மூன்று மிச்சம் இருந்தது, அம்மா கொசுவுக்குக் கொளுத்தித் தீர்த்துவிட்டார்.