நெட்வொர்க் ப்ளேயர் எது வாங்கலாம்? சத்தம் கரகரங்குது, அவசரம்

கொழிஞ்சாம்பாறை_ரேடியோ:
வணக்கமுங்க. அப்பாவோட பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் இருக்குது, ஹார்ட் டிஸ்க்ல பாட்டு நெறைய சேத்து வெச்சிருக்கறேன், வைஃபைல பாடற மாதிரி ஒரு ப்ளேயர் வாங்கோணும். பொள்ளாச்சி சிநேகிதன்கிட்ட ஒரு பெட்டி இரவல் வாங்கிட்டு வந்து போட்டுப் பாத்தேன், வால்யூம் துளி திருப்புனாலே திம்முதிம்முனு அடிச்சு பாடறவங்க குரலே கரகரங்குது. பெட்டி மட்டமுங்களா? ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.

மார்த்தாண்டம்_ஸ்பீக்கர்:
எந்த ஆம்ப்? பின்னாடி எந்த சாக்கெட்ல சொருவியிருக்கீங்க? அத சொல்லுங்க முதல்ல.

செங்கோட்டை_ராகம்:
அண்ணாச்சி, எனக்கென்னவோ சார்ஜர் மேலதான் சந்தேகம். அந்தப் பெட்டி ராஸ்பெரி பை 4னா, அதான் அந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை வேணும், போன் சார்ஜர்ல போட்டா நடுவுல நடுவுல திணறும். எங்க வீட்ல அப்படித்தான் ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சேன்.

ஹைஃபை_பெரியவர்:
மாடல் சொல்லாம கேள்வி கேட்டா யாரு தம்பி பதில் சொல்வாங்க, கொஞ்சம் படிச்சிட்டு வரணும். கைவேலை தெரிஞ்சா பை வாங்கி மூடு ஆடியோனு (moOde) ஒரு பாட்டு சாஃப்ட்வேர் இருக்கு, அத போடுங்க, இலவசம், ஹார்ட் டிஸ்க்க நேரா அதுலயே மாட்டலாம். தெரியாதுன்னா வீம் ப்ரோ (WiiM Pro), ரெடிமேட் ப்ளேயர். ஆனா அதுல டிஸ்க் மாட்ட முடியாது, ரவுட்டர்லயோ பழைய லேப்டாப்லயோ டிஎல்என்ஏ சர்வர், அதாவது டிஸ்க்ல உள்ள பாட்ட நெட்வொர்க்ல அனுப்பற சாஃப்ட்வேர், ஓடணும். எதுன்னாலும் லேன் ஒயர் இழுங்க, வைஃபைல பாட்டு கேக்கறது வீண்.

செங்கோட்டை_ராகம்:
சிடி தரத்துக்கு நொடிக்கு 1411 கிலோபிட், அவ்வளவுதான. வைஃபை அத அசால்ட்டா தாங்கும். போன எடவப்பாதி மழைல இடி விழுந்து லேன் ஒயர் வழியாவே என் ரவுட்டரும் டிவியும் சேந்து போச்சு, அவருக்கு ஒயர் இழுக்கச் சொல்லாதீங்க.

ஹைஃபை_பெரியவர்:
வீட்டுக்கு எர்த் ஒழுங்கா இருந்தா போகாது.

செங்கோட்டை_ராகம்:
எர்த் போட்ட வீடுதான் அண்ணாச்சி. மொட்டமாடி வழியா இழுத்திருந்தேன்.

ஹைஃபை_பெரியவர்:
வெளிய இழுத்தது உங்க தப்பு, உள்ளயே இழுக்கணும்.

கொழிஞ்சாம்பாறை_ரேடியோ:
ஆம்ப் பேரு அழிஞ்சு போச்சுங்க. பின்னால போனோ, டியூனர், டேப்னு எழுதியிருக்குது. டியூனர்ல அப்பாவோட ரேடியோ இருக்குது, போனோ காலியா இருந்துச்சுனு அதுல சொருகுனேன்.

மார்த்தாண்டம்_ஸ்பீக்கர்:
அதுதான் விஷயம்! போனோ ரெக்கார்ட் ப்ளேயருக்கு உள்ளது. ஊசியில இருந்து வருவது அஞ்சு மில்லிவோல்ட் மாதிரி, அதனால அந்த வழியில சுமார் நூறு மடங்கு பெருக்கும், பேஸையும், அதான் அடித்தொண்டை சத்தத்தையும், தூக்கி விடும். உங்க பெட்டி 2 வோல்ட் வரைக்கும் அனுப்பும், பின்ன குரல் கிழியாம என்ன செய்யும். டேப்ல மாத்துங்க, ஆனா கவனம், அதுல ரெக் (பதிவு பண்ண வெளிய போறது), ப்ளே (உள்ள வர்றது)னு ரெண்டு ஜோடி இருக்கும், ப்ளேலதான் சொருவணும், முன்னாடி பட்டனையும் டேப்ல வைங்க. பெட்டிய குத்தம் சொல்லாதீங்க, இப்ப ஒண்ணும் வாங்கவும் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_ரேடியோ:
மாத்திட்டேனுங்க. வீணைத் தந்தி அதிர்றது கூட தனியா கேக்குது. அப்பா நாற்காலிய இழுத்துப் போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டாரு. ரொம்ப நன்றிங்க.

செங்கோட்டை_ராகம்:
சந்தோசம் அண்ணாச்சி. ஹார்ட் டிஸ்க்க எதுல மாட்டியிருக்கீங்க, ரவுட்டர்ல யூஎஸ்பி இருக்கா? அது தெரிஞ்சாத்தான் எது வாங்கலாம்னு சொல்ல முடியும்.