லோச் மீன்களை நத்தை தின்ன வைக்கப் பட்டினி போடலாமா?

மணல்தளம்:
எனது 200 லிட்டர் தொட்டியில், புதிதாக வைத்த செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகள் இரண்டே மாதங்களில் கண்ணாடி, வடிகட்டியின் குழாய், இலைகளின் அடிப்புறம் என எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன. பெரும்பாலானவை ராம்ஸ்ஹார்ன், மணலுக்குள் கூம்பு வடிவ டிரம்பெட் நத்தைகளும் இருக்கின்றன. இவற்றைக் கட்டுப்படுத்துவதற்காகவே மூன்று வாரங்களுக்கு முன்பு யோயோ லோச் மீன்கள் ஐந்தை வாங்கி விட்டேன். காலையில் நான் போடும் மூழ்கும் வில்லைகளைத் தின்றுவிட்டு, அவை மரக்கட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. நத்தை மீசையை உரசிக்கொண்டு ஊர்ந்து போனாலும் சட்டை செய்வதில்லை. தீவனத்தை அடியோடு நிறுத்தினால் பசி தாளாமல் நத்தையைத் தேடுமா?

நீர்க்கீரி:
நிறுத்திவிடுங்கள். லோச் நம் அயிரையின் உறவுக்கூட்டம். அடித்தளத்தைக் கிளறிப் புழுவையும் பூச்சிகளின் இளம்பருவங்களையும் நத்தையையும் தேடித் தின்று வாழும் மீன். கண்ணெதிரே வில்லைகள் விழுந்துகொண்டிருக்கும்போது எந்த மீனும் ஓட்டுக்குள் ஒடுங்கிய சதையோடு மல்லுக்கட்டாது. நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த மீனுக்கு நான்கைந்து நாட்கள் தீவனம் இல்லாவிட்டால் கேடு ஒன்றும் வராது. என் தொட்டியில் ஐந்து நாட்கள் நிறுத்தினேன். ஆறாம் நாள் காலையில் மணல் மீது வெற்று ஓடுகள் கிடந்தன. அதன் பிறகு அந்த மீன்கள் நத்தையை விட்டுவைத்ததே இல்லை.

அந்திவேளை:
நீர்க்கீரி கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நாள் பட்டினியை இந்தத் தொட்டியில் செய்வது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். அவர் பேசுவது தொட்டிக்குப் பழகி நன்கு தேறிய மீன்களைப் பற்றி. இங்கிருப்பவை வந்து மூன்றே வாரமானவை. லோச் மீன்கள் பல கைகள் மாறி, வழியெல்லாம் அரைப்பட்டினியாகவே வீடு வந்து சேர்கின்றன. குடலில் ஒட்டுண்ணிகளைச் சுமந்து வருபவையும் உண்டு. அப்படிப்பட்ட மீன் தின்றுகொண்டே இளைக்கும். தலைக்குப் பின்னால் முதுகு கத்தியின் விளிம்பு போல ஒடுங்கும், வயிறு உள்வாங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இது எளிதில் தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். முதுகு தடித்திருக்கிறதா என்று ஐந்து மீன்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் தீவனத்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது, நேரம். லோச் அந்தியிலும் இருட்டிலும் சுறுசுறுப்பாக இரைதேடும். டிரம்பெட் நத்தையும் பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில்தான் மேலே வரும். ஆகவே காலைத் தீவனத்தை விட்டுவிட்டு, விளக்கை அணைப்பதற்குச் சற்று முன்பு நான்கைந்து ராம்ஸ்ஹார்ன்களை ஓட்டோடு நசுக்கி மரக்கட்டையின் அருகில் போடுங்கள். சதையின் வாசனை நீரில் பரவியதும், மீசையால் மணலைத் தடவிக்கொண்டு அவை வெளியே வரும். சில நாட்களுக்குப் பின் அரைகுறையாக நசுக்கியதையும், அதற்கும் பின் ஓட்டில் விரிசல் மட்டும் விட்டதையும் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் வில்லை போதும். ஐந்தில் ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை அதன் வாயிலிருந்து பிடுங்கவே ஓடி வரும். கூட்டமாக வாழும் மீனிடம் இந்தப் போட்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒற்றை லோச்சிடம் எனக்கு இது பலித்ததில்லை.

நீர்க்கீரி:
நசுக்கிப் போட்டால் நசுக்கிய நத்தைக்கே பழகிவிடாதா? ராம்ஸ்ஹார்னுக்கு மூடி கிடையாது. அது உள்ளே இழுத்துக்கொண்டாலும் ஓட்டின் வாய் திறந்தேதான் கிடக்கும், பசித்த மீனுக்கு அதுவே போதும். கடினமான ஓடும், வாயை அடைத்துக்கொள்ளும் மூடியும் உள்ள டிரம்பெட்டை எடுக்கத்தான் பசி உந்த வேண்டும். தவிரவும், நத்தை இப்படிப் பெருகியதற்கு மிஞ்சிய தீவனம்தான் காரணம். தீவனம் நின்றால் நத்தைக்கும் உணவு குறையும். மெலிந்த மீன் பற்றிய எச்சரிக்கையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பாசிப்படலம்:
நத்தைக்காக லோச் வாங்கியதையே நான் ஏற்கவில்லை. யோயோ லோச் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. இதே நோக்கத்துக்காகப் பலர் வாங்கும் கிளவுன் லோச், சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்தது, 30 சென்டிமீட்டரை எட்டக்கூடியது, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இரண்டு மாதத் தொல்லைக்காக அத்தனை ஆண்டுப் பொறுப்பை ஏற்கிறோம் என்பதை வாங்கும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் ஒரு வெள்ளரித் துண்டை அமிழ்த்தி வைத்து, காலையில் நத்தைகள் மொய்த்த நிலையில் வெளியே எடுத்தால், தீவனத்தையும் பாதியாகக் குறைத்தால், சில வாரங்களில் எண்ணிக்கை இறங்கும். டிரம்பெட் நத்தை இணையின்றியே உயிருள்ள குஞ்சுகளை ஈனக்கூடியது; லோச் அதை முழுதாக ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆத்திரத்தில் தாமிரம் கலந்த நத்தைக்கொல்லியை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நுண்ணிய செதில்களை உடைய லோச் அதைத் தாங்குவது கடினம். நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் செத்து அழுகினால் அம்மோனியாவும் ஏறிவிடும்.

அந்திவேளை:
வாங்குவதற்கு முன் இதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மீன்கள் தொட்டிக்கு வந்துவிட்டன. திருப்பிக் கொடுத்தால் இன்னொரு பயணத்தையும் இன்னொரு பட்டினியையும் அவை தாங்க வேண்டியிருக்கும். தீவனத்தைப் பாதியாக்குவதில் நான் பாசிப்படலத்தோடு உடன்படுகிறேன். பாதியாக்குவது வேறு, நிறுத்துவது வேறு. நத்தை தின்னவே இன்னும் பழகாத மீனிடம் உள்ள உணவையும் பறித்தால் அது எதைத் தின்னும்? நசுக்கியதற்கே பழகிவிடுமா என்று கேட்டதற்கு: என் தொட்டியில் மூன்றாம் வாரத்தில் நசுக்குவதை நிறுத்தினேன், முழு நத்தைகள் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தன.

மணல்தளம்:
பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மேலிருந்து பார்த்ததில் ஒரு மீனின் முதுகு நீங்கள் சொன்னபடியே ஒடுங்கியிருந்தது. அதைத் தனித்தொட்டிக்கு மாற்றி, நாளுக்கு மூன்று முறை சிறிது சிறிதாக உணவளிக்கிறேன். மற்ற நான்குக்கும் மாலையில் நசுக்கிய நத்தை, பிறகு பாதி வில்லை. நேற்று இரவு மங்கிய வெளிச்சத்தில் ஒரு லோச் தலைகீழாகச் சாய்ந்து, கூர்மையான மூக்கை ஒரு முழு ராம்ஸ்ஹார்னின் வாய்க்குள் நுழைத்து உடலை உதறியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் 'டிக், டிக்' என்று கேட்டது. சதை உருவப்பட்ட ஓடு மணலில் உருண்டதும், அதை முகர மற்றவற்றில் இரண்டு வந்துவிட்டன. டிரம்பெட்டை இன்னும் தொடவில்லை.

நீர்க்கீரி:
ஒன்று மெலிந்திருந்தது என்று அறிந்த பிறகு, ஐந்து நாள் பட்டினியை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஒரே கூட்டத்தில் வந்தவை என்பதால் மற்ற நான்கின் முதுகையும் வாரந்தோறும் பாருங்கள். அவை நன்றாகத் தேறிய பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் தீவனம் இல்லாமல் விட்டு, அன்றிரவு மணலின் மேல்பரப்பை விரலால் லேசாகக் கிளறுங்கள். வெளியே வரும் டிரம்பெட்டுகளில் நெல்மணி அளவுக் குஞ்சுகளைத்தான் என் மீன்கள் முதலில் எடுத்தன.