கஸ்டம்ஸுக்கு ஒரு விலை, இன்சூரன்ஸுக்கு ஒரு விலை: உங்களுக்கும் நடந்ததா?

செம்பூர் விளக்குக்கடை:
நாச்சியார்கோயிலிலிருந்து குத்துவிளக்கு வரவழைத்து ஆன்லைனில் விற்கிறேன். போன தை மாதம் ஸ்கார்பரோவுக்கு இரண்டடி விளக்கு ஒன்று போனது. 4 கிலோ, 18,500 ரூபாய். பணம் போட்ட கையோடு வாங்கியவர் வாட்ஸப்பில் கேட்டார்: "அக்கா, 20 டொலர் எண்டு போடுங்கோ, இல்லாட்டி கிஃப்ட் எண்டு எழுதுங்கோ. இஞ்ச டக்ஸ் போட்டுடுவாங்கள்." கனடாவில் 20 டாலருக்கு மேல் போனால் வரி என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நல்ல வாடிக்கையாளர், மூன்றாவது ஆர்டர். 20 என்றே போட்டேன். ஆனால் கூரியர் கவுன்டரில் மனசு கேட்கவில்லை, இன்சூரன்ஸ் மட்டும் 18,500-க்கு எடுத்தேன்.

உச்சியில் இருக்கும் அன்னம் கழுத்தோடு முறிந்து போய்ச் சேர்ந்தது. போட்டோவெல்லாம் அனுப்பி கிளைம் போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பையன் போன் செய்தான். ரொம்ப மரியாதையாகத்தான் இந்தியில் கேட்டான்: "மேடம், இன்வாய்ஸில் 20 டாலர், இன்சூரன்ஸில் 18,500 ரூபாய். இரண்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. எது சரியான விலை?"

அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். 18,500 என்றால் கஸ்டம்ஸிடம் பொய் சொன்னவள் ஆகிறேன். 20 என்றால் கிளைமும் 20. கடைசியில் இன்வாய்ஸ் கணக்குப்படி 1,200 சொச்சம் வந்தது. வாடிக்கையாளருக்கு முழுப் பணத்தையும் நான் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதுகூட ஆறிவிட்டது, அந்தக் கேள்வி ஆறவில்லை.

தாராவி தோல் பை:
எனக்கு நேர் எதிராக நடந்தது அக்கா. லண்டனுக்கு 180 பவுண்டு பை, சரியான விலையைத்தான் போட்டேன். அங்கே 135 பவுண்டு வரைக்கும் வாட் வரியை விற்கிற நாமே வாங்கிக் கட்ட வேண்டும், அதற்கு மேல் என்றால் வாசலில் வாங்குகிறவர் கட்ட வேண்டும். அதுவும் பை விலைக்கு மட்டும் இல்லை, கூரியர் செலவையும் சேர்த்து அதன் மேல்தான் கணக்கு. இதை நான் முன்கூட்டியே வாங்கிய பெண்மணியிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. பில்லைப் பார்த்ததும் வேண்டாம் என்று திருப்பி விட்டார்.

ஐந்து வாரம் கழித்து என் பை என்னிடமே வந்தது. நான் ஒட்டிய டேப், நான் எழுதிய விலாசம். அதற்கு இங்கே இறக்குமதி டியூட்டி கட்டு என்கிறார்கள்! ஏற்றுமதி ஆன பொருள் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்தால் டியூட்டி விலக்கு உண்டு. ஆனால் போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று காட்ட ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற பத்திரம் வேண்டும். நான் அதை சாம்பிள் மாதிரி அனுப்பியிருந்தேன், என்னிடம் இருந்தது கூரியர் ரசீது மட்டும். என் கையால் தைத்த பைக்கு நானே டியூட்டி கட்டி வாங்கினேன். மறுநாளே ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு விண்ணப்பித்தேன், 500 ரூபாய்தான் ஆனது.

டோம்பிவிலி பித்தளை:
விளக்குக்கடை அக்கா சொல்வதில் விலையைவிடப் பெரிய விஷயம் பேக்கிங். அன்னம் முறிந்தது எப்படி? மாட்டியபடியே அனுப்பியிருப்பீர்கள். எனக்கும் ஒரு தடவை சிங்கப்பூர் போன தூக்கு விளக்கின் சங்கிலி உள்ளேயே இடித்து, தட்டு நெளிந்துவிட்டது. அதிலிருந்து நான் செய்வது இதுதான். அன்னம், தட்டு, தண்டு, அடிப்பாகம் எல்லாவற்றையும் திருகிக் கழற்றுங்கள். மரை மேல் துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் மரை நசுங்கி அங்கே பூட்ட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, சின்ன பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். சுற்றிலும் நாலு விரல் இடம் விட்டு நன்றாக அடையுங்கள். மூடியதும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். கட்டும்போதே ஒவ்வொரு படியையும் போட்டோ எடுங்கள். பேக்கிங் சரியில்லை என்று ஒரே வரியில் கிளைமைத் தள்ளிவிடுவார்கள்.

அப்புறம், இன்சூரன்ஸே எதற்கு? விமானத்தில் போகிற சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமானக்காரர் பொறுப்பு இருக்கிறது. கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). 4 கிலோவுக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய் வரும்.

சயான் கோலிவாடா பட்டு:
டோம்பிவிலி அண்ணா, பேக்கிங் சொன்னது சரி. ஆனால் அந்த 26 எஸ்.டி.ஆர். உச்சவரம்பு. கட்டாயம் அவ்வளவு தருவார்கள் என்று அர்த்தம் இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று நிரூபிக்க என்ன காட்டுவீர்கள்? அதே இன்வாய்ஸ்தான். 20 டாலர் இன்வாய்ஸை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டினாலும் 20 டாலர்தான். என் புடவை முக்கால் கிலோகூட வராது. கிலோ கணக்கில் பார்த்தால் ஜரிகை விலை கூடத் தேறாது.

என் கதை 2025 ஆகஸ்ட். டாலஸுக்கு இரண்டு பட்டுப்புடவை தபாலில் போட்டேன். 25-ஆம் தேதியிலிருந்து அமெரிக்காவுக்குத் தபால் பார்சல் நின்றது, 29-லிருந்து அங்கே 800 டாலர் வரை இருந்த வரி விலக்கும் போனது. என் பார்சல் நடுவழியிலிருந்து திரும்பியது. அக்டோபர் 15-க்கு அப்புறம் மறுபடி எடுத்தார்கள், ஆனால் போட்ட விலையில் பாதியை இங்கேயே டியூட்டியாகக் கட்டினால்தான் பார்சல் போகும் என்று அப்போது விதி இருந்தது. புடவை 240 டாலர், டியூட்டி 120 டாலர். கவுன்டரில் இருந்தவர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டியபோது, பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் "60-ன்னு போடு"ன்னு காதில் சொன்னார். டாலஸில் வாங்கிய பெண் என் வங்கிக்கணக்குக்கு அனுப்பிய பணம் 240. தபால் ஏற்றுமதி பில்லில் 60 இருந்தால் நாளைக்கு வங்கி கேட்காதா? ஏற்றுமதி பில்லையும் வந்த பணத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என் ஆன்லைன் பக்கத்தில் புடவை படத்துக்குக் கீழேயே விலை வேறு போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 240 என்றே எழுதினேன். டியூட்டியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், லாபம் ஒன்றும் நிற்கவில்லை.

டோம்பிவிலி பித்தளை:
அது உச்சவரம்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி.

செம்பூர் விளக்குக்கடை:
அண்ணா, அன்னத்தை மாட்டியேதான் அனுப்பினேன். கழற்ற வரும் என்றே அப்போது தெரியாது.

ஊரில் ஆசாரியிடம் சொல்லி புது அன்னம் வார்த்து வாங்கிவிட்டேன். ஸ்கார்பரோவுக்கு இந்த வாரம் போகிறது. இலவசமாகத்தான் அனுப்புகிறேன். அதனால் விலை பூஜ்யம் என்று எழுதப் போனேன், கூரியர்காரர் தடுத்தார். காசு வாங்காவிட்டாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு, அதை எழுதியே ஆக வேண்டும் என்றார். ஆசாரிக்குக் கொடுத்தது 850 ரூபாய். இன்வாய்ஸில் "உடைந்த பாகத்துக்கு மாற்று, விற்பனைக்கு அல்ல, மதிப்பு கஸ்டம்ஸுக்காக மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் 850 போட்டேன். இன்சூரன்ஸும் 850-க்கே.

வரி வந்தால் தானே கட்டிக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.