கோவளம் காலை அலை (சென்னை அருகே அலைச்சறுக்கு, கயாக் குழு)

செந்தில்: நாளைக்கு யார் யார் வருகிறீர்கள்? தெற்கிலிருந்து ஸ்வெல் (தூரக்கடலிலிருந்து வரும் அலை வரிசை), 4 அடி, அலைக்கு அலை 13 செகண்ட் இடைவெளி. போன வாரம் 7 செகண்டில் வந்த குப்பை மாதிரி இருக்காது, கனமாக வரும்.

நிஷா: காற்று?

செந்தில்: விடியும்போது கச்சான் காற்றுதான், கரையிலிருந்து அடிக்கும், அலை வழுவழுவென்று இருக்கும். பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று ஏறிவிட்டால் எல்லாம் கலங்கிவிடும். 5:45-க்கெல்லாம் தண்ணீரில் இருக்கணும்.

நிஷா: வருகிறேன். ஆனால் கயாக் படகு அண்ணன்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு வாங்கிய அடி தொடையில் இன்னும் நீலமாக இருக்கிறது 😑

ரவி: அன்றைக்கே மன்னிப்பு கேட்டேனே மா. அலை உடைந்து கயாக் குறுக்கே திரும்பிவிட்டால் துடுப்புக்கெல்லாம் கட்டுப்படாது, கரை வரை அப்படியே தள்ளிக்கொண்டுதான் போகும்.

நிஷா: அதுதானே பயமே அண்ணா. போர்டு என்றால் காலில் கட்டிய லீஷ் கயிறு இருக்கிறது, உங்களுடையது இருபது கிலோ கட்டை.

ரவி: சரி, ஆனால் அந்த அலையில் முதலில் இருந்தது நான்தான். உடைகிற இடத்துக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவருக்குத்தான் அலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் குழு.

பாஸ்கர் அண்ணன்: விதி சரிதான் தம்பி. ஆனால் நீ துடுப்பு போட்டு, அலை வெறும் மேடாக இருக்கும்போதே தூரத்தில் பிடித்துவிடுகிறாய், போர்டில் படுத்துக் கையால் தள்ளுகிறவனுக்கு அது நிமிர்ந்த பிறகுதான் கிடைக்கும். சேர்ந்து வரும் ஒவ்வொரு அலை செட்டிலும் நல்ல அலை உனக்கே போகிறது. நீ தப்பே செய்யவில்லை, ஆனால் பத்து பேர் சும்மா மிதக்கிறார்கள்.

ரவி: அப்போ வரவே வேண்டாமா?

நிஷா: முட்டுக்காடு பக்கத்தில்தானே இருக்கிறது 😁

ரவி: அந்த உப்பங்கழியில் அலை எங்கே மா இருக்கு

பாஸ்கர் அண்ணன்: வா, ஆனால் கயாக்கெல்லாம் எங்களுக்கு வடக்கே நில்லுங்கள். இப்போ தெண்டி நீரோட்டம் ஓடுகிறது, எல்லோரையும் வடக்கேதான் இழுக்கும். நீங்கள் தெற்கே நின்றால் அரை மணியில் எங்கள் தலைமேல் வந்து நிற்பீர்கள். ஒரு அலை எடுத்தால் அடுத்த இரண்டை விடுங்கள். திரும்ப உள்ளே போகும்போது உடைகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் முக்கியம்.

ரவி: வடக்கே அலை எழுந்ததும் மொத்தமாக விழுந்துவிடுகிறதே அண்ணே, ஓட்டவே இடமில்லை.

செந்தில்: நியாயமாகப் பார்த்தால் போர்டுக்காரர்களும் யோக்கியம் இல்லை. போன வாரம் ரவி அலையில் வந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேர் முன்னால் இறங்கினார்கள், அதில் ஒருத்தன் நான்.

நிஷா: பார்த்தேன்

ரவி: சரி, வடக்கே நிற்கிறேன். ஆனால் 8 மணிக்கு நீங்கள் டீக்குப் போனதும் நீங்கள் நிற்கிற பாயின்ட் எனக்கு.

பாஸ்கர் அண்ணன்: எடுத்துக்கோ.

நிஷா: 13 செகண்ட் ஸ்வெல்லை விட்டுவிட்டு எட்டு மணிக்கு யார் டீக்குப் போகப்போகிறார்கள் 🤭