ஞானப்பல்லின் வேரைப் பார்த்து 18 நிறைந்தது என்று சொல்லலாமா?

வழக்கறிஞர், தக்கலை:
தேங்காப்பட்டணத்தில் விசைப்படகில் வேலை பார்த்த வடமாநிலப் பையன் ஒருவனுக்காக வாதாடுகிறேன். பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் கிடைக்காததால், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவின்படி மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள். "ஓ.பி.ஜி. படத்தின்படி (இரு தாடைகளையும் ஒருசேரக் காட்டும் எக்ஸ்ரே) 18 வயது நிறைந்தவர்" என்று ஒரே வரியில் அறிக்கை வந்திருக்கிறது. கூர்நோக்கு இல்லமா, சிறையா என்பதை ஒரு பல் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல் மருத்துவர், நாகர்கோவில்:
ஒரே வரியில் எழுதியது தவறுதான் ஐயா. ஆனால் அது எழுதியவரின் தவறு, பல்லின் தவறு அல்ல. ஊட்டக்குறைவு எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் அளவுக்குப் பல் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரேயைவிடத் தாடைப் படத்தை நான் நம்புவது அதனால்தான். கீழ்த்தாடையின் ஞானப்பல்லை உற்றுப் பாருங்கள்: வேர் வளர்ந்துகொண்டிருக்கும்போது அதன் நுனி புனலைப்போல விரிந்திருக்கும், வளர்ச்சி முடியும் தறுவாயில் இரு சுவர்களும் நெருங்கி வந்து மூடிக்கொள்ளும். இத்தாலியரான காமெரியரேயின் முறையில், திறந்த நுனிகளின் உள் அகலங்களைக் கூட்டிப் பல்லின் நீளத்தால் வகுத்து, விடை 0.08-க்குக் கீழே இருந்தால் 18 கடந்தவர் என்று கொள்கிறோம். இது கண்மதிப்பு அல்ல, அளவு.

வழக்கறிஞர், தக்கலை:
அந்த அளவுகோல் யாருடைய பிள்ளைகளை வைத்து உருவானது டாக்டர்? 1973-இல் டெமிர்ஜியன் வகுத்த பல் வளர்ச்சியின் எட்டு நிலைகள் பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளின் படங்களிலிருந்து வந்தவை. அவற்றை அப்படியே பொருத்தியபோது இந்தியப் பிள்ளைகளின் வயது கூடுதலாக வந்ததால்தான், 2011-இல் ஆச்சார்யா என்ற ஆய்வாளர் நமக்கென்று தனிச் சூத்திரம் அமைத்தார். கூடுதலாக வரும் அந்த ஓராண்டுதான் 17 வயதுப் பையனைச் சிறைக்குள் தள்ளுகிறது. மற்றப் பற்களின் வேர்கள் முடிந்துவிட்ட அந்த வயதில் மிஞ்சியிருக்கும் ஞானப்பல்லோ ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுவது. சிலருக்கு அது உருவாவதே இல்லை. 1982-இல் ஜெயா மாலா வழக்கில், எக்ஸ்ரே வழி கணித்த வயதில் இருபுறமும் ஈராண்டுப் பிழை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உபதேசியார், குளச்சல்:
எங்கள் கடற்கரைப் பிள்ளை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையாவது புரட்டிப் பார்ப்போம். இந்தப் பையனின் சொந்த ஊர்ப் பள்ளிக்கு யாராவது நேரில் போய் விசாரித்தார்களா? சட்டம் மருத்துவச் சோதனையை மூன்றாவது இடத்தில்தானே வைத்திருக்கிறது?

பல் மருத்துவர், நாகர்கோவில்:
கட்டாயம் விசாரிக்க வேண்டும், உபதேசியாரே. ஆனால் பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது? பல்லை ஒதுக்கிவிட்டால், உப்புக்காற்றிலும் வெயிலிலும் முற்றிப்போன முகத்தைப் பார்த்து "இருபது இருக்கும்" என்று எழுதிவிடுவார்கள். வேர்நுனி விரியத் திறந்திருக்கும் பையனுக்கு அந்தப் படம்தான் காவல். வக்கீல் ஐயா, நீங்கள் படத்தைப் பார்த்தீர்களா, அறிக்கையை மட்டும் பார்த்தீர்களா?

வழக்கறிஞர், தக்கலை:
நேற்றுத்தான் படம் கையில் கிடைத்தது. இடப்பக்க ஞானப்பல்லின் ஒரு வேர் மூடியிருக்கிறது, இன்னொன்று மூடவில்லை. எந்த முறை, என்ன அளவு, எத்தனை ஆண்டு பிழை வரம்பு என்று எதுவும் அறிக்கையில் இல்லை. எழுதியவரைக் குறுக்கு விசாரணைக்கு அழைக்கும்படி திங்கட்கிழமை மனு போடுகிறேன். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை அந்தப் படத்தை அளந்து பார்க்க வேண்டும்.